ஏரியில் ஓட்ட ஓர் ஒற்றைப்பாய்ப் படகு: வரைதாள் முதல் வெள்ளோட்டம் வரை

ஒரே பாய், மூக்குப் பக்கமாக நட்ட ஒரே பாய்மரம், அதைத் தாங்கக் கம்பிக்கட்டு எதுவும் கிடையாது. இந்த அமைப்பைக் கேட் ரிக் என்பார்கள். வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து ஏரிகளில் இரண்டு பேர் உல்லாசமாக ஓட்ட இதைவிட எளிய பாய்ப்படகு இல்லை. ஆனால் இதில் வேலையின் வரிசை முக்கியம். முன்பாய் இருக்கும் படகில் கணக்கு கொஞ்சம் தப்பினால் இரண்டாவது பாயை இழுத்தோ தளர்த்தியோ சரிக்கட்டலாம். இங்கே அந்த வசதி இல்லை. பாய்மரக் குழியை எங்கே வெட்டினீர்களோ அதுதான் படகின் குணம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் முதல் வாரமே பிளைவுட் வாங்கி வந்து படகின் உடலை அறுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பாய், பாய்மரம் எல்லாம் "அப்புறம் பார்த்துக்கலாம்". அந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் இந்த வழிகாட்டி. முதலில் தண்ணீர், பிறகு எடை, பிறகு பாய், பிறகு மூன்று புள்ளிகள். இவை முடிந்த பிறகே ரம்பம்.

1. ஓட்டப்போகும் ஏரியை முதலில் அளந்து வையுங்கள்

காவேரிப்பாக்கம் ஏரி மாதிரி விரிந்த நீர்ப்பரப்பில் காற்று தடையில்லாமல் வரும், ஆனால் கரையோரம் வெகுதூரத்துக்கு ஆழம் இருக்காது. குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணையில் ஆழம் உண்டு. மலைகளுக்கு நடுவே இருப்பதால் காற்று சுழன்று சுழன்று திசை மாறும். ஏலகிரியின் புங்கனூர் ஏரி சின்னது, சுற்றுலாப் படகுகள் நிறைந்தது. மூன்றுக்கும் ஒரே படகு பொருந்தாது. இந்த வழிகாட்டியின் அளவுகள் காவேரிப்பாக்கம் வகை ஏரிக்கு.

ஒரு மூங்கில் கழியில் அடிக்கணக்கு குறித்துக்கொண்டு, படகை இறக்கப்போகும் இடத்தில் நடந்து பாருங்கள். எத்தனை தூரம் முழங்கால் ஆழம்? நீருக்குள் கருவேல மரத்தின் அடிக்கட்டைகள் உண்டா? மீன் வலைகள் எந்தப் பக்கம்? நீருக்குள் இறங்கும் பலகை எந்த வகையாக இருக்க வேண்டும் என்பதை இவைதான் முடிவு செய்யும். நேர்குத்தாகச் செருகும் பலகை கட்டையில் இடித்தால் படகின் அடியையே பிளந்துவிடும். இடித்தால் பின்னால் மடங்கும் பலகைதான் நம் ஏரிகளுக்குச் சரி.

அனுமதி விஷயத்தையும் இப்போதே முடியுங்கள். பெரிய ஏரிகள் நீர்வளத்துறையிடம் இருக்கும், சிறியவை பெரும்பாலும் ஊராட்சியிடம். மீன் குத்தகை எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அவர் சம்மதிக்காத ஏரியில் எந்தக் காகிதமும் உதவாது.

பருவமும் கணக்கில் வர வேண்டும். ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில்தான் நிரம்பும். ஜூன் வாக்கில் கட்ட ஆரம்பித்து, மழை ஓய்ந்து டிசம்பர் கடைசியில் இறக்குவது வசதி. ஏரி கோடி போகும் நாட்களில் கலங்கல் பக்கமே படகைக் கொண்டுபோகாதீர்கள்.

2. எடையைக் கூட்டுங்கள், நீளத்தைப் பிறகு முடிவு செய்யுங்கள்

இரண்டு பெரியவர்கள் 140 கிலோ. படகின் உடல் 55 கிலோ. பாய், பாய்மரம், சுக்கான், துடுப்பு, சாப்பாட்டுப் பை எல்லாம் சேர்ந்து 20 கிலோ. மொத்தம் 215 கிலோ. ஏரி நன்னீர் என்பதால் படகு 215 லிட்டர் நீரை விலக்கினால் மிதக்கும்.

இந்தச் சுமைக்கு 3.6 மீட்டர் நீளம், அதாவது சுமார் 12 அடி, பொருத்தம். உலகம் முழுக்க ஓடும் ஒற்றைப்பாய்ப் படகுகளில் சிறுவர்களுக்கான ஆப்டிமிஸ்ட் சுமார் 2.3 மீட்டர், பந்தயத்துக்கான லேசர் சுமார் 4.2 மீட்டர். நாம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். இன்னும் நீளமாக ஆசைப்பட்டால் எடுத்துப்போவது சிக்கல். குட்டி யானையின் பின்தட்டு ஏறத்தாழ 7 அடிதான். 12 அடிப் படகைக் கவிழ்த்துப் போட்டு, மூக்கைக் கேபினுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் போய்விடும். 15 அடி போகாது.

இங்கே எல்லாரும் செய்யும் தவறு, ஒருவர் எடைக்குக் கணக்கு போட்டுவிட்டு மூன்று பேர் ஏறுவது. நம் அளவுள்ள படகில் நீர்மட்டத்துப் பரப்பு சுமார் 2.2 சதுர மீட்டர். ஆகவே கூடுதலாக ஏறும் ஒவ்வொரு 22 கிலோவுக்கும் படகு 1 செ.மீ. கீழே போகும். மூன்றாவது ஆள் ஏறினால் 3 செ.மீ. அமுங்கும். "அவ்வளவுதானே" என்று தோன்றும். ஆனால் பின்பலகை, அதாவது படகின் பின்முனையை மூடும் பலகை, நீரில் இழுபட ஆரம்பிப்பது அந்த 3 செ.மீ.யில்தான்.

3. பாயின் வகையும் பரப்பும்

முக்கோணப் பாய் பார்க்க அழகு. ஆனால் 2.4 மீட்டர் அடிவிளிம்போடு 5.6 சதுர மீட்டர் முக்கோணம் வேண்டுமென்றால் முன்விளிம்பு 4.7 மீட்டர் உயரம் போக வேண்டும், பாய்மரம் 5.4 மீட்டரைத் தொடும். வேலூரில் அவ்வளவு நீளத்துக்குக் கணு இல்லாத மரம் தேடுவதும், அதைச் சாய்க்காமல் நடுவதும் ஒரு ஆள் வேலை இல்லை.

அதனால் நாற்கோணப் பாய் போடுங்கள்: மேலே ஒரு கம்பு, கீழே ஒரு கம்பு, இரண்டுமே பாய்மரத்துக்கு முன்னால் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். பாலன்ஸ் லக் என்ற வகை இது. அதே பரப்புக்குப் பாய்மரம் 3.6 மீட்டர் போதும். படகின் நீளமும் அதேதான் என்பதால் எல்லாம் படகுக்குள்ளேயே அடங்கிவிடும்.

நான் பரிந்துரைக்கும் அளவுகள்: அடிவிளிம்பு 2.40 மீட்டர், முன்விளிம்பு 1.70, மேல்விளிம்பு 2.50, பின்விளிம்பு 3.78. கீழ் முன்மூலையிலிருந்து உச்சிமூலைக்கு மூலைவிட்டம் 4.01 மீட்டர். மூலைவிட்டம் இல்லாமல் நாற்கோணம் நிலையாக நிற்காது, அதை விட்டுவிடாதீர்கள். பரப்பு 5.6 சதுர மீட்டர் வரும்.

இது அதிகமா குறைவா என்று பார்க்க ஒரு எளிய கணக்கு. மணிக்கு 18 கி.மீ. காற்றில் இந்தப் பாய் மீது சுமார் 10 கிலோ விசை விழும். பாயின் மையத்துக்கும் நீருக்குள் உள்ள பலகையின் மையத்துக்கும் இடையே சுமார் 2.5 மீட்டர். கவிழ்க்கும் திருப்பம், அதாவது விசையைத் தூரத்தால் பெருக்கியது, 25. 65 கிலோ ஆள் நடுக்கோட்டிலிருந்து 45 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் 29 கிடைக்கிறது. சரி, தாங்கும்.

காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். 36 கி.மீ. காற்றில் கவிழ்க்கும் திருப்பம் 100. இரண்டு பேர் விளிம்பில் ஏறி உட்கார்ந்தாலும் 85 தேறுவதே கஷ்டம். ஆகவே பாயைச் சுருக்கும் வசதியை இப்போதே வரைபடத்தில் போடுங்கள்: அடிவிளிம்பிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் ஒரு வரிசைக் கயிறு, 120 செ.மீ.யில் இன்னொன்று. "அதெல்லாம் பிறகு தைக்கலாம்" என்றவர்கள் யாரும் பிறகு தைத்து நான் பார்த்ததில்லை.

4. மூன்று புள்ளிகள்

வேலையின் உயிர் இந்தக் கட்டம்தான், அவசரப்படாதீர்கள். தேவையானவை: பெரிய வரைதாள், தடித்த அட்டை, குண்டூசி, நூல், ஒரு நட்டு. அளவு 1-க்கு 10, அதாவது தாளில் 1 செ.மீ. என்றால் படகில் 10 செ.மீ.

பாயை அந்த அளவில் அட்டையில் வெட்டுங்கள். ஒரு மூலையில் குண்டூசி குத்திச் சுவரில் தொங்கவிடுங்கள், அதே ஊசியில் நட்டு கட்டிய நூலையும் தொங்கவிடுங்கள். அட்டை ஆடி நின்றதும் நூல் போகும் கோட்டைப் பென்சிலால் இழுங்கள். இன்னொரு மூலையில் மறுபடி செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம் பாயின் மையம். சரிபார்க்க அந்த இடத்தைப் பென்சில் முனையில் வைத்துப் பாருங்கள், அட்டை சாயாமல் நிற்கும். மேலே சொன்ன அளவுகளுக்கு இந்த மையம் முன்விளிம்பிலிருந்து 1.10 மீட்டர் பின்னால், கீழ் முன்மூலையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் வரும். முன்விளிம்பு நேர்குத்தாக நிற்பதாக வைத்து அளக்க வேண்டும். உங்களுக்கு வேறு இடத்தில் வந்தால் அட்டையை வெட்டியதில் பிழை.

அடுத்தது பாய்மரம். இந்த வகையில் கீழ்க்கம்பைப் பாய்மரம் கடக்கும் இடம் முன்மூலையிலிருந்து 48 செ.மீ. பின்னால். ஆக, பாயின் மையம் பாய்மரத்துக்கு 62 செ.மீ. பின்னால் இருக்கும்.

மூன்றாவது, பக்கப் பலகை. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாமல் தடுப்பது இதுதான். நீருக்குள் இருக்கும் பகுதி பாய்ப்பரப்பில் 4 சதவீதம் இருந்தால் போதும்: 75 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலம்.

இப்போது படகின் பக்கத்தோற்றத்தை வரைந்து, மூக்கிலிருந்து 95 செ.மீ.யில் பாய்மரத்தை நிறுத்துங்கள். பாயின் மையம் 157 செ.மீ.யில் விழும். பக்கப் பலகையின் மையத்தையும் அதே 157 செ.மீ.யில், நேர் கீழே வையுங்கள்.

ஏன் நேர் கீழே? பாய் ஒரு புள்ளியில் தள்ளுகிறது, பலகை ஒரு புள்ளியில் தடுக்கிறது. தள்ளும் புள்ளி வெகுவாகப் பின்னால் போனால் மூக்கு ஓயாமல் காற்றுமுகமாகத் திரும்பும். சுக்கானை இழுத்துப் பிடித்தே தோள் வலிக்கும். தள்ளும் புள்ளி வெகுவாக முன்னால் போனால் படகு காற்றுக்கு முதுகு காட்டி ஓடும். இது ஆபத்தானது. நீங்கள் தவறி விழுந்து சுக்கானை விட்டால் முதல் வகைப் படகு தானே காற்றுமுகமாகத் திரும்பி நிற்கும், இரண்டாவது வகை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

பின்னால் உள்ள சுக்கானும் பக்கத் தள்ளலில் ஒரு பங்கைத் தாங்கும். ஆகவே மொத்தத் தடுப்பு மையம் பலகைக்குச் சற்றுப் பின்னால்தான் அமையும். படகு சாயும்போது பாய் வெளியே தள்ளிப்போய் மூக்கைக் காற்றுமுகமாகத் திருப்பப் பார்க்கும். இந்த இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டிவிடும்.

இந்தப் படியில் நான் அதிகம் பார்க்கும் தவறு: பலகை உட்காரும் இடத்துக்கு இடைஞ்சல் என்று அதை ஓர் அடி முன்னால் தள்ளுவது, அல்லது பாய்மரம் "நடுவில் இருந்தால் உறுதி" என்று பின்னால் நகர்த்துவது. இரண்டுமே பாயின் மையத்தைப் பலகைக்குப் பின்னால் கொண்டுபோகும். இடைஞ்சலாக இருந்தால் இருக்கையை நகர்த்துங்கள். மூன்று புள்ளிகளும் குறித்த தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

5. உடலின் வடிவம்

தட்டையான அடி, வெளிப்பக்கம் விரியும் பக்கங்கள். முதல் படகுக்கு இதற்கு மேல் வேண்டாம். அடி அகலம் 1.05 மீட்டர், மேல் அகலம் 1.40, நடுவில் பக்க உயரம் 45 செ.மீ. நமது 215 கிலோவில் படகு நடுப்பகுதியில் சுமார் 15 செ.மீ. அமுங்கும்.

அடித்தட்டு நேர்கோடாக இருக்கக்கூடாது. மூக்குப் பக்கம் 20 செ.மீ., பின்பக்கம் 16 செ.மீ. மேலே வளைந்து ஏற வேண்டும். பின் ஏற்றம் 15-ஐவிடச் சற்று அதிகம் என்பதைக் கவனியுங்கள். சுமையோடு நிற்கும்போது பின்பலகையின் கீழ் விளிம்பு நீரைத் தொடாமல் இருக்கத்தான் அது. பின்பலகை நீருக்குள் முங்கினால் படகு பின்னால் சுழல்களை இழுத்துக்கொண்டே போகும், காற்று இருந்தும் நகராது.

இந்த வளைவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒற்றைப்பாய்ப் படகு காற்றைக் கடந்து திரும்பும்போது நடுவழியில் நின்றுபோகும் வியாதி உள்ளது. முன்பாய் இல்லாததால் மூக்கைத் தள்ளிவிட ஒன்றும் இல்லை. வளைந்த அடி சீக்கிரம் திரும்பும். கட்டையாக நேர் அடி போட்டவர்கள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் துடுப்பை எடுக்கிறார்கள்.

முன்னும் பின்னும் காற்றறை வேண்டும். மூக்கறை சுமார் 120 லிட்டர், பின்னறை சுமார் 140. படகு நீர் நிறைந்தாலும் இவை இரண்டு பேரைத் தாங்கும். அறைக்குள் மூடி இறுக்கிய 2 லிட்டர் குளிர்பான பாட்டில்களை அடைத்து வைத்தால், அறையில் விரிசல் விட்டாலும் ஒவ்வொரு பாட்டிலும் 2 கிலோ தாங்கும்.

வரைந்து முடிந்ததும் 1-க்கு 10 அளவில் அட்டை மாதிரி செய்து செல்லோடேப்பால் ஒட்டுங்கள். அட்டை வளைய மறுக்கும் இடத்தில் பிளைவுட்டும் மறுக்கும். அட்டை ஒரு மாலை வேலை, பிளைவுட் ஷீட் வீணானால் காசு.

6. பொருள் வாங்குதல்

பிளைவுட் கடையில் "வாட்டர் ப்ரூஃப்" என்று சொல்வதை நம்பாதீர்கள். ஷீட்டின் மேல் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 710 என்றிருந்தால் மரைன் தரம். ஐ.எஸ். 303 முத்திரையில் எம்.ஆர். என்றிருந்தால் அலமாரிக்கு மட்டும். படகுக்கு வேண்டவே வேண்டாம். 6 மி.மீ., 8-க்கு 4 அடி ஷீட் ஐந்து தேவைப்படும். ஒரு ஷீட் ஏறத்தாழ 12, 13 கிலோ. ஓரத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டில் சில மணி நேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் கடையை மாற்றுங்கள்.

பசைக்கு எபாக்சி மட்டும். ஃபைபர் வேலை செய்யும் பட்டறைகளில் பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவாகக் கிடைக்கும். அது அச்சில் வார்க்கும் படகுக்குச் சரி, மரத்தில் பிடிப்பு போதாது. கொஞ்ச காலத்தில் தோல் உரிவது போல் கழன்று வரும். 8 முதல் 10 கிலோ எபாக்சி, 75 மி.மீ. கண்ணாடி இழை நாடா, அடிப்புறத்துக்கு 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கண்ணாடி இழைத் துணி. நகைக்கடைத் தராசு மாதிரியான சிறிய டிஜிட்டல் தராசு ஒன்றும் வாங்கிவிடுங்கள். கண்ணளவில் கலந்த எபாக்சி பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும், இறுகாது.

7. தைத்து ஒட்டுதல்

12 அடிக்கு ஷீட் பற்றாது, இரண்டு துண்டை இணைக்க வேண்டும். முட்டுக் கொடுத்து, உள்பக்கம் 20 செ.மீ. அகலப் பட்டை ஒட்டுவது புதியவருக்கு எளிது. இணைப்பு படகின் அதிக வளைவுள்ள இடத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடித்தட்டு, பக்கங்கள், பின்பலகை எல்லாவற்றிலும் 15 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு, வீட்டு ஒயரிலிருந்து உரித்த செம்புக் கம்பியால் தையுங்கள். தைத்து முடித்ததும் ஒட்டாதீர்கள். மூக்கு நுனியிலிருந்து பின்பலகையின் இரண்டு மூலைக்கும் நூல் பிடித்து அளங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் படகு கோணல். கம்பியை முறுக்கித் திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு.

பிறகு மூலைகளில் எபாக்சியும் மரத்தூளும் குழைத்த பசையைக் கரண்டியின் பின்புறத்தால் வழித்து, அதன் மேல் நாடா ஒட்டுங்கள். இங்கே நம் ஊர் வெயில் தனிப் பாடம். கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊரில், குவளை நிறையக் கலந்தால் பாதி தடவுவதற்குள் புகைய ஆரம்பிக்கும். 100, 150 கிராமுக்கு மேல் ஒரே தடவை கலக்காதீர்கள், கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிவிடுங்கள். சூடு பரவித் தணியும்.

பூச்சு வேலையைக் காலையில் ஆரம்பிப்பது எல்லாருக்கும் பழக்கம். எபாக்சிக்கு மாலைதான் நல்லது. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழியாக வரும். நாலு மணிக்குமேல் மரம் குளிர ஆரம்பித்த பிறகு பூசினால் அதே மரம் எபாக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் மேலே வழவழப்பாக ஒரு படலம் இருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே அடுத்த பூச்சு. கையுறை கட்டாயம். ஒரு தடவை ஒவ்வாமை வந்தால் அப்புறம் எபாக்சி பக்கமே போக முடியாது.

கடைசியில் வெளிர் நிறப் பெயின்ட். வெயில் படும் எபாக்சி மெல்ல மெல்லக் கெடும், பெயின்ட்தான் அதற்குக் குடை.

8. பாய்மரமும் அதன் பிடிமானமும்

கம்பிக்கட்டு இல்லாத பாய்மரம் இரண்டே இடத்தில் நிற்கிறது: அடியில் குழி, மேலே துளையிட்ட குறுக்குப் பலகை. இரண்டுக்கும் இடையே குறைந்தது 40 செ.மீ. வேண்டும். பலத்த காற்றில் பாயின் மையத்தில் 35 கிலோ இழுவை விழுந்தால், 2 மீட்டர் நெம்புகோலில் திருப்பம் 70. 40 செ.மீ. இடைவெளியில் அடிக்குழி தாங்க வேண்டியது 175 கிலோ. மேல் பலகைக்கு அதைவிடவும் கூடுதல். இடைவெளியை 20 ஆக்கினால் 350. குறுக்குப் பலகையை ஸ்க்ரூவில் மட்டும் மாட்டியவர்களின் பாய்மரம் முதல் பலத்த காற்றிலேயே ஏன் பிடுங்கிக்கொண்டு போகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டி, இரு பக்கத் தட்டுகளோடும் எபாக்சியில் பிணையுங்கள்.

பாய்மரத்துக்குச் சா மில்லில் கணு இல்லாத பைன் கட்டை பார்த்து, இரண்டாக ஒட்டி இழையுங்கள். குறுக்குப் பலகை இடத்தில் 70 முதல் 75 மி.மீ. விட்டம், உச்சியில் 45. மரவேலை கைவரவில்லை என்றால் 60 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனமுள்ள அலுமினியக் குழாய். எடை இரண்டுக்கும் சுமார் 5 கிலோதான். சவுக்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் கனம் அதிகம். மூக்கில் அத்தனை கனம் ஏறினால் அலையில் படகு தலை குனியும்.

பாய்மரம் துளையில் உரசித் தேயும். தோல் சுற்றிவிட்டால் தீர்ந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்குத் தோல் துண்டு பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிக்குழியில் நீர் வடிய ஒரு துளை போடுங்கள், இல்லையென்றால் முதலில் அழுகுவது அந்த இடம்தான்.

9. பக்கப் பலகையும் சுக்கானும்

பலகையைப் படகின் வெளிப்பக்கம் ஒரே போல்ட்டில் மாட்டினால் அடியில் ஓட்டையே வேண்டாம், கசிவும் இல்லை. வலை சிக்கினாலும் கட்டை இடித்தாலும் பின்னால் மடங்கிக்கொள்ளும். ஒரே ஒரு பலகை இரண்டு பக்கக் காற்றுக்கும் வேலை செய்யும், ஆனால் மேலே ஒரு பிடி, கீழே அடிவிளிம்பை ஒட்டி இன்னொரு பிடி என்று இரண்டு இடத்தில் அணைக்க வேண்டும். ஒற்றைப் பிடியில் விட்டால் ஒரு பக்கக் காற்றில் சிறகு விரித்த மாதிரி வெளியே வந்துவிடும்.

சுக்கானின் நீருக்குள் உள்ள பரப்பு பக்கப் பலகையில் பாதி போதும். படகுக்கென்றே செய்த கீல் வேலூரில் கிடைக்காது. நான்கு ஐ-போல்ட்டும் 8 மி.மீ. எஸ்.எஸ். ராடு ஒன்றும் வாங்கினால் அருமையான கீல். ராடின் தலையில் ஒரு பின் போட மறக்காதீர்கள், கவிழும்போது சுக்கான் நழுவி ஏரியின் அடிக்குப் போய்விடும்.

10. பாய் தைத்தல்

200 ஜி.எஸ்.எம். தார்ப்பாய் முதல் பாய்க்குத் தாராளம். ஃபிளெக்ஸ் பேனர் சும்மா கிடைக்கிறதே என்று யாராவது ஒருவர் தவறாமல் கொண்டுவருவார். கனம், மடித்தால் கீறல், கீறல் விழுந்த இடத்தில் கிழிசல். வேண்டாம்.

தட்டையாக வெட்டிய துணி வெறும் தடுப்புதான், பாய் ஆகாது. மேல்விளிம்பை 3 செ.மீ., முன்விளிம்பை 2 செ.மீ. வெளியே வளைத்து வெட்டுங்கள். நேரான கம்பில் கட்டும்போது அந்த உபரித் துணி உள்ளே போய் வயிறு கொடுக்கும். பின்விளிம்பை மாறாக 2 செ.மீ. உள்ளே குழித்து வெட்டினால் படபடக்காது. மூலைகளில் மூன்று நான்கு அடுக்கு. பை தைக்கும் கடையில் கெட்டி பாலியெஸ்டர் நூலில் ஜிக்-ஜாக் தையல் போடச் சொல்லுங்கள், ஒற்றை நேர்த்தையல் தார்ப்பாயை ஓட்டைகளின் வரிசையில் கிழித்துவிடும்.

11. வெள்ளோட்டம்

காற்றுக்குக் கருவி தேவையில்லை. இலையும் சிறு கொப்பும் ஓயாமல் ஆடினால் 12 முதல் 19 கி.மீ., அதுவே முதல் நாளுக்கு உச்ச வரம்பு. கரையில் தூசி கிளம்பிக் காகிதம் பறந்தால் 20-ஐத் தாண்டிவிட்டது. தனியாக ஓட்டுவதானால் முதல் வரிசையில் பாயைச் சுருக்குங்கள். கோடையில் மேற்கே கருத்தால் கரைக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் இடுப்பளவு நீரில், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்திப் பழகுங்கள். காற்றறையில் நீர் ஏறுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பாயை ஏற்றியதும் கீழ்க்கம்பைக் கீழே இழுக்கும் கயிற்றை நன்றாக, நிஜமாகவே நன்றாக, இறுக்குங்கள். மேல் முன்மூலையிலிருந்து கீழ்ப் பின்மூலைக்குச் சுருக்கம் ஓடினால் இறுக்கம் போதவில்லை. இந்தப் பாய் காற்றுக்கு எதிராக ஏறாது என்று குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கயிற்றைத் தொய்வாக விட்டவர்கள்தான். பாயைக் கட்டுப்படுத்தும் கயிற்றை மட்டும் எதிலும் கட்டிவைக்காதீர்கள், எப்போதும் கையில் இருக்கட்டும். திடீர்க் காற்றில் விட்டுவிட்டால் படகு நிமிர்ந்துவிடும், கட்டி வைத்திருந்தால் கவிழும்.

திரும்பும்போது நடுவில் நின்றுவிட்டால் கீழ்க்கம்பைக் கையால் ஒரு பக்கம் தள்ளிப் பிடியுங்கள். படகு பின்னோக்கி நகரும், சுக்கானும் தலைகீழாக வேலை செய்யும், மூக்கு ஒரு பக்கம் விழுந்ததும் விட்டுவிடுங்கள். காற்றோடு ஓடும்போது ஒற்றைப்பாய் முழுக்க ஒரு பக்கம் இருப்பதால் மூக்கு காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும். அப்போது சுக்கானைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பிடித்து, எடையைப் பின்னால் நகர்த்துங்கள்.

மிதமான காற்றில் சுக்கானை ஒரு கணம் விட்டுப் பாருங்கள். மெதுவாகக் காற்றுமுகமாகத் திரும்பினால் நான்காம் படி சரி. வெடுக்கென்று திரும்பினால் பக்கப் பலகையின் நுனியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கட்டுங்கள். காற்றுக்கு முதுகு காட்டினால் முன்னால் சாயுங்கள். அதுவும் போதவில்லை என்றால் கீழ்க்கம்பைப் பாய்மரத்தில் 5 செ.மீ. முன்னோ பின்னோ நகர்த்தலாம்: வெடுக்கென்று திரும்பும் படகுக்கு முன்னால், ஓடும் படகுக்குப் பின்னால். சரியாக அமைந்த நிலையில் பலகையிலும் கம்பிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை கரையிலேயே அந்தக் கோட்டுக்குக் கட்டிக்கொண்டு இறங்கலாம்.